கழலாத மரை

கேள்வி: அப்பா தேயிலை மலையைப் படமெடுத்த பழைய கேமரா இது, ஐயா. லென்ஸின் முகப்பில் மாட்டிய ஃபில்டர் வளையம் அசையவே மாட்டேன் என்கிறது. குறடு போட்டுத் திருகட்டுமா?
— வாசகி, கோலா தெர்லா

பதில்: குறட்டைக் கீழே வையுங்கள், அம்மா! மரை கழன்றால் ஊர் சிரிக்கும். கழலாவிட்டால் வீடு அழும். அந்த வளையம் பெரும்பாலும் மெல்லிய அலுமினியம். இரண்டு பக்கம் மட்டும் அழுத்தினால் வட்டம் முட்டையாகி, அதன் நீண்ட முனைகள் லென்ஸின் மரையில் போய்க் குத்தி உட்காரும். பலம் கூடக்கூடப் பிடி இறுகுவது அதனால்தான். மரைக்கு மரை இடைவெளியே பொதுவாக 0.75 மில்லிமீட்டர். துளி சாய்த்து மாட்டியிருந்தாலும், மலைப்பனி ஈரத்தில் தூசி ஊறிக் காய்ந்திருந்தாலும் போதும், பிடித்துக்கொள்ளும்.

சுற்றிலும் ஒரே சீராகப் பிடிக்க வேண்டும். உலகத்துக்கே கையுறை மாட்டிவிடும் நாட்டில் ரப்பருக்கா பஞ்சம்? தேய்ந்த ரப்பர் சிலிப்பரைக் கழுவித் துடைத்து மேசையில் வையுங்கள். லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றிக் கவிழ்த்து, விளிம்பு முழுவதும் ரப்பரில் படும்படி லேசாக அழுத்தி, இடப்பக்கமாகத் திருப்புங்கள். ஃபோகஸ் வளையத்தைப் பிடித்தால் அதுதான் சுற்றும். முன்விளிம்பை ஒட்டிப் பிடியுங்கள். எண்ணெய் வேண்டவே வேண்டாம், கண்ணாடிக்குள் ஊர்ந்துவிடும். என் லென்ஸ் மூன்றாவது முயற்சியில் ‘டக்’கென்று விட்டது. அந்தச் சத்தம் எவ்வளவு இனிப்பு! அடுத்த முறை பித்தளை வளையம் வைத்த ஃபில்டராகப் பார்த்து வாங்குங்கள், அவ்வளவு சீக்கிரம் சிக்காது.

கேள்வி: இரும்புப் பைப்பில் பித்தளை நட்டு ஒட்டிக்கொண்டது. ஸ்பானர்தான் வழுக்குகிறது.
— வாசகர், ரிங்லட்

பதில்: சுடுதண்ணீரில் நனைத்த துணியை நட்டின்மேல் மட்டும் சுற்றுங்கள். ஒரே சூட்டுக்கு இரும்பைவிடப் பித்தளை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். நட்டு வெளியே இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். உள்ளே ஓடும் உங்கள் ஊர்ச் சில்லுத் தண்ணீரும் பைப்பை விரியவிடாமல் கைகொடுக்கும். சூடு ஆறுவதற்குள் திருகிவிடுங்கள்.

கேள்வி: மேசை விசிறியின் இறக்கையைப் பிடித்திருக்கும் மூடியைத் திருகித் திருகிக் கை ஓய்ந்தது, அண்ணே.
— வாசகர், தாப்பா

பதில்: எந்தப் பக்கம் திருகினீர்கள், தம்பி? இடப்பக்கம் என்றால் இவ்வளவு நேரமும் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்! இறக்கை சுற்றும் வேகத்தில் கழன்றுவிடாமலிருக்க, பெரும்பாலான மேசை விசிறிகளில் அந்த மூடிக்கு இடமரைதான் வைப்பார்கள். வலப்பக்கம் திருகுங்கள். சைக்கிளின் இடது பெடலுக்கும் இதே கதை.