வெளிச்சம் வரட்டும்மா

எங்கள் குடியிருப்பில் அவருக்கு வசந்தம் சார் என்று பெயர். உங்கள் குடியிருப்பில் வேறு பெயர் இருக்கும். ரிடையர் ஆன மறுமாதமே கேமரா வாங்கியவர். சட்டைக்கு மேல் பத்துப் பாக்கெட் வைத்த ஒரு மேல்சட்டை. லென்ஸ் மூடி எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்பது மட்டும் அவருக்கே தெரியாது.

பங்குனியில் குயிலைப் படம் பிடிக்கிறேன் என்று விடியுமுன் மொட்டைமாடியில் ஏறிக் குயிலைவிட உரக்கக் கூவுவார். வருஷப் பிறப்புப் பச்சடிக்கு வைத்த வேப்பம்பூவை மாக்ரோ எடுத்து முடிக்காமல் வாணலிக்கு விடமாட்டார். இதெல்லாம் அவர் வீட்டம்மா பாடு. பொதுப் பிரச்சினை புங்கம்பூவில்தான் ஆரம்பிக்கிறது.

வாசல் புங்கமரம் இலை கொட்டித் தளிர்விட்டு, பின்னாலேயே பூவையும் கொட்டும். ராத்திரி கொட்டியது காலையில் வாசல் முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கிடக்கும். ஆறு மணிக்குக் கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு வருவார். அவருக்கு முன்பே இவர் ட்ரைபாடோடு உட்கார்ந்திருப்பார்.

“இரும்மா, கூட்டாதே. வெளிச்சம் வரட்டும்மா.”

“வந்துட்சே சார்.”

“இது வெளிச்சம் இல்லம்மா. இது வெறும் விடிஞ்சது.”

அவர் கேட்கும் வெளிச்சம் எதிர்க்கட்டடத்துத் தண்ணீர்த்தொட்டியைத் தாண்டி வரவேண்டும். அதற்கு ஏழே கால் ஆகும். அதுவரை வாசல் அவர் வசம். பால்காரர் சுவரோரமாகப் பக்கவாட்டில் நடந்து வருவார். பள்ளிப் பிள்ளைகள் பின்பக்கக் கேட் வழியாகப் போவார்கள். நான் ஸ்கூட்டரை வெளியே எடுத்தால், “சார், டயர் தடம் விழுந்துடும். தூக்கிட்டுப் போக முடியுமா?” என்பார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்பார்.

சங்கப் புலவர்கள் இந்தப் பூவைப் பொரிக்கு ஒப்பிட்டார்கள் என்று அந்த அம்மாவுக்குப் பாடம் வேறு. “பொரியோ அவுலோ, நான்தானே சார் வாரணும்” என்றார் அவர். நேற்றும் இதே பூவைத்தானே எடுத்தீர்கள் என்று நான் கேட்டதற்கு மோனேயை இழுத்தார். 1890, 91இல் அந்த ஃபிரெஞ்சு ஓவியர் வைக்கோற்போரையே வெவ்வேறு வெளிச்சத்தில் சுமார் 25 படமாக வரைந்தாராம். வைக்கோற்போரை யாரும் காலையில் கூட்டித் தள்ளவேண்டியதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு மேகம் வந்துவிட்டது. மேகம் வந்தால் அவர் யாரோடும் பேசமாட்டார்.

ஒருவழியாக வெளிச்சம் வந்து, படம் எடுத்து, அந்த அம்மாவும் அவசரமாகக் கூட்டிக் குவித்த பிறகு அடுத்த யோசனை உதிக்கும். “கூட்டற மாதிரி ஒண்ணு எடுப்போம்.” குவித்த பூவை அவரே முறத்தில் அள்ளி மறுபடி வாசலெங்கும் தூவுவார். “துடைப்பத்தை இந்தப் பக்கமாப் பிடிம்மா. கேமராவைப் பார்க்காதே. நான் இல்லேன்னு நினைச்சுக்கோ.” அந்த அம்மா அதைத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறார்.

கோடை ஏறியதும் வாட்டர்கலர். வெள்ளையைப் பூசக்கூடாது, தாளிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். விட்டு விட்டுப் பாதித் தாள் அப்படியே இருக்கும்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். சித்திரையில் ஒருநாள் என்னை நிறுத்திக் கொன்றைப் பூ ஒன்றைக் கையில் வைத்தார். நடுவில் பத்துக் கேசரங்கள். அதில் மூன்று மட்டும் நீண்டு வளைந்து மேலெழுகின்றன. பிறந்ததிலிருந்து கொன்றை மரத்தடியில் நடக்கிற எனக்கு அது தெரியாது. அந்த மூன்றையும் தூரிகையால் மூன்றே இழுப்பில் போட்டுக் காட்டினார். கை நடுங்கவில்லை. அந்தப் படம் கேட்டு வாங்கியது, எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

அதற்காக மற்றதை விடமுடியாது. அந்த அம்மாவுக்கு இங்கே முடித்து இன்னும் இரண்டு கட்டடம் இருக்கிறது. ஏழு மணி பஸ்ஸை விட்டால் அங்கே வசவு, மாசக்கடைசியில் சம்பளத்தில் பிடித்தம். படத்தை எல்லோருக்கும் போனில் அனுப்பி, மூலையில் தன் பெயரையும் பொறித்துக்கொள்கிறவருக்கு ஓர் ஆட்டோ காசை அந்த அம்மா கையில் கொடுக்கத் தோன்றியதில்லை. ஐப்பசி மழையில் அதே மரத்தின் இலை சிமெண்டுத் தரையோடு ஒட்டிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து கையால் பிய்த்தெடுக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு இவர் வாசல் பக்கமே வருவதில்லை. போன வருஷம் பால்கனியில் நின்றவரை அந்த அம்மாவே கூப்பிட்டுப் பார்த்தார்: “இன்னா சார், இத்த எடுக்கலியா?”

“வெளிச்சம் இல்லம்மா” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.