ஊரே வேர்க்கும்போது ஸ்வெட்டர் பின்னுவது எப்படி?

டெக்ஸ்டைல் டிசைன் படிக்கும் பிள்ளைகளுக்கு இறுதியாண்டு வந்ததும் ஒரு ஞானம் பிறக்கும். இருப்பது கோயம்புத்தூர். கூப்பிடு தூரத்தில் திருப்பூர் ராத்திரி பகலாகப் பருத்தி பனியன் பின்னிக் குவித்துக்கொண்டிருக்கிறது. இவர்களோ, "நான் கம்பளியில பண்ணப் போறேன். அதுவும் இயற்கைச் சாயம்" என்று அறிவிப்பார்கள். மாதம் ஏப்ரல், வெளியே 38 டிகிரி. இந்த முடிவைத் தடுத்தவர் எவருமில்லை. தடுக்க முடியாது என்றான பிறகு முறையாகக் கெடுத்துக்கொள்ளவாவது வழி சொல்ல வேண்டும் அல்லவா?

முதல் வேலை, தலைப்பு. நூல் வாங்கும் முன்பே தலைப்பு வைத்துவிடுங்கள். 'மண்ணின் நிறங்கள்', 'வேர்களைத் தேடி' இரண்டையும் போன வருட சீனியர்கள் வைத்துவிட்டார்களே என்று தயங்க வேண்டாம். அதற்கு முந்தைய வருடமும் அவைதான். முன்னுரையில் நொய்யல் கட்டாயம் ஓட வேண்டும். சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை, 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு என்று ஒரு பக்கம் உருகி எழுதுங்கள். எழுதி முடித்த கையோடு மிச்சமிருக்கும் சாயத் தண்ணீரைப் பாத்ரூம் சாக்கடையில் கவிழ்த்துவிடுங்கள்.

அடுத்தது கம்பளி. பேன்சி ஸ்டோருக்குப் போய் "உல்லன் நூல் குடுங்க" என்று கேளுங்கள். கடைக்காரர் பளபளவென்று உருண்டைகளை எடுத்துப் போடுவார். பெரும்பாலும் அது அக்ரிலிக். ஆட்டுக்கும் அதற்கும் முன்பின் அறிமுகம் கிடையாது. மஞ்சிட்டிச் சாயத்தில் நாள் முழுக்க வேகவைத்தாலும் அலசியதும் பழைய முகத்தோடு வந்து நிற்கும். நுனியைக் கிள்ளித் தீக்குச்சி காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். கம்பளி என்றால் தயங்கித் தயங்கி எரியும், முடி கருகும் நாற்றம் வரும், சாம்பலைத் தொட்டால் பொடியும். அக்ரிலிக் உருகி, கல்லாட்டம் கறுப்பாக இறுகிப்போகும். அரை நிமிட வேலைதான். ஆனால் இதை முதலிலேயே செய்துவிட்டால் 'சந்தித்த சவால்கள்' என்ற அத்தியாயத்தில் எழுத ஒன்றும் இருக்காது. ஆகவே கடைசியில் செய்யுங்கள்.

அசல் கம்பளிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் மலையேறலாம். ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே வளர்வது நீலகிரி ஆடு. 19ஆம் நூற்றாண்டில் நம் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் எல்லாம் கலந்து உருவான இனம், ரோமம் மென்மையானது. சமவெளிக் குறும்பை ஆட்டின் ரோமமோ முரடு. கம்பளிப் போர்வைக்குப் பிரமாதம். அதை ஸ்வெட்டராகப் பின்னிப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்துத் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஆட்டிலிருந்து வெட்டிய ரோமம் அப்படியே சாயத்துக்கு ஆகாது. கொழுப்பு, வியர்வை உப்பு, மண், புழுக்கை எல்லாம் கலந்து கட்டி வரும். கழுவிக் காயவைத்தால் எடை நன்றாகவே இறங்கிவிடும். அந்தக் கழிவையும் சேர்த்துத்தான் காசு கொடுத்தோம் என்று அப்போதுதான் புரியும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, அலுங்காமல் அலச வேண்டும். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, துணி சோப்பைப் போட்டு, இரண்டு கையாலும் கசக்கி, உடனே குழாயடியில் பச்சைத் தண்ணீரில் காட்டுங்கள். கம்பளி இழையின் மேல் ஓடு வேய்ந்த மாதிரி செதில்கள் உண்டு. சூடும் காரமும் கசக்கலும் சேர்ந்தால் செதில்கள் விரிந்து ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். பிறகு பிரம்மாவே வந்தாலும் பிரிக்க முடியாது. பஞ்சாக உள்ளே போனது ஒரே கட்டையாக வெளியே வரும். குழப்பமே வேண்டாம். 'நமதா' என்று பெயர் வைத்துவிடலாம். காஷ்மீரில் இதைத்தான் வேண்டுமென்றே செய்து விரிப்பாக விற்கிறார்கள்.

தப்பிய ரோமத்தை நூலாக நூற்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். இனி படிகாரம். சாயத்தையும் இழையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் உப்பு. 100 கிராம் உலர்ந்த கம்பளிக்கு 10 முதல் 15 கிராம் போதும். இதற்கு ஒரு தராசு வேண்டும், தராசு இருந்தால் நிறுக்க வேண்டும், நிறுத்தால் எழுதி வைக்க வேண்டும். எத்தனை தொல்லை! நாட்டு மருந்துக் கடையில் ஒரு கட்டி வாங்கி, கண்ணளவாகத் தட்டிப் போடுங்கள். அதிகமானால் கம்பளி பிசுபிசுத்துப் போகும், குறைந்தால் நிறம் நிற்காது. இரண்டுக்கும் 'இயற்கையின் எதிர்பாராத தன்மை' என்று அறிக்கையில் பெயர்.

நிறத்துக்கு வருவோம். பீட்ரூட்டில் தொடங்குவது மரபு. சட்டியில் பார்த்தால் ராஜபட்டு மாதிரி ரத்தச் சிவப்பு. கம்பளியில் ஏறியதும் இளஞ்சிவப்பு. நாலு நாள் வெயிலில் அழுக்கு வெள்ளை. அடுத்து மஞ்சள். இது பீட்ரூட்டைவிடக் கெட்டிக்காரன். படிகாரம்கூடக் கேட்காமல் பளீரென்று ஏறிக்கொள்ளும். எல்லோரும் கைதட்டி முடித்ததும் வெயிலைக் கண்டு வெளுக்கத் தொடங்கும். சோப்பில் நனைத்தால் இன்னொரு வேடிக்கை: ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பைக் குழைத்ததும் சிவக்கிறதே, அதே ரசாயனம்தான், ஸ்வெட்டரே ஆரத்தியாகிவிடும். ஆயிரம் வருடமாக வாசலில் செய்துவருவதை ஆய்வகத்தில் மறுபடி கண்டுபிடித்தேன் என்று எழுதிக்கொள்ளலாம்.

உருப்படியான நிறம் வேண்டும் என்பவர்களுக்கு வெங்காயத் தோல் இருக்கிறது. படிகாரம் போட்ட கம்பளியில் பொன்னிறம் முதல் ஆரஞ்சு வரை தரும். துளி இரும்பு சேர்த்தால் பாசிப்பச்சையும் பழுப்புமாகத் திரும்பும். உழவர் சந்தையில் சும்மாவே அள்ளிக்கொள்ளலாம். ஆயுத பூஜைக்கு மறுநாள் இன்னும் விசேஷம். லேத் பட்டறை, லாரி ஆபீஸ், ஆட்டோ ஸ்டாண்ட் என்று போகிற இடமெல்லாம் செண்டுமல்லி வாடிக் கிடக்கும். கோணிப்பையோடு கிளம்பினால் அந்த வருடத்து மஞ்சள் முழுக்க இலவசம். பூவை உதிர்த்து நிழலில் காயவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். செண்டுமல்லியும் வெங்காயத் தோலும் மலிவு என்பதாலேயே மாணவர்கள் அவற்றை மதிப்பதில்லை. செம்பருத்தி, சங்குப்பூ என்று போவார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு அவை அழகு. துணியில் அவற்றின் ஆயுள் ஸ்டேட்டஸின் ஆயுளைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை. துருப்பிடித்த ஆணியையும் வெல்லத்தையும் தண்ணீரில் புளிக்கவைத்துக் கறுப்பு எடுப்பது பழைய வித்தை. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி எழுதுபவர்களின் கறுப்பு அப்படித்தான் வருகிறது. அது பருத்தி. கம்பளியில் இரும்பு கைமீறினால் இழை சொரசொரத்து, நாளடைவில் இற்றுவிடும். ஆகவே தாராளமாக ஊற்றுங்கள். பாத்திரத்துக்கு அடுப்படியைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. ரசம் வைக்கும் சட்டி அளவாக இருக்கும். "ஏங்கண்ணு, இனி இந்தச் சட்டில நாங்க என்னத்த வெச்சுத் திங்கறது?" என்று அம்மா கேட்பார். அவர் கேட்பதுதான் இந்தப் படிப்பிலேயே மிக நியாயமான பாதுகாப்பு விதி. சாயத்துக்குப் போன பாத்திரம் சமையலுக்குத் திரும்பக் கூடாது.

அவுரிக்கு ஆசைப்படுபவர்கள் அடுக்குமாடியில் குடியிருப்பது நல்லது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பயிராகும் நீலத்தை வாங்கிவந்து பால்கனியில் தொட்டி புளிக்கவைத்தால், அசோசியேஷன் செயலாளர் முதல் முறையாக உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார். தொட்டிக்குள்ளிருந்து மஞ்சள் கலந்த பச்சையாக வெளியே வரும் நூல், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். அந்த ஒரு நிமிடத்துக்காக என்ன நாற்றத்தையும் பொறுக்கலாம் என்றுதான் படுகிறது. செயலாளரையும் கூட்டிவந்து காட்டுங்கள். காரம் கூடினால் கம்பளியே கரைந்துபோகும் என்பதை மட்டும் அவர் போன பிறகு நினைத்துப் பாருங்கள்.

எல்லாம் சொதப்பிவிட்டால்? சரித்திரத்தைத் துணைக்கு அழையுங்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கும்பெனி டாக்டர், கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்பு எடுக்கலாம் என்று சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் பிரேசிலில் இருந்து பூச்சியும் வந்து சேர்ந்தது. வந்தது வேறு ஜாதிப் பூச்சி. சாயம் சொற்பம், ஆனால் கள்ளியை வெளுத்துக் கட்டிவிட்டது. களைச்செடியைப் பூச்சி விட்டு ஒழிக்கலாம் என்ற பாடம் அதில்தான் கிடைத்தது. 1856இல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின், கல்லூரி விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து மலேரியாவுக்கு க்வினைன் செய்யப் பார்த்தார். வந்தது ஊதா நிறம். அதோடு செயற்கைச் சாயக் காலம் பிறந்து, சாயவேரும் மஞ்சிட்டியும் மெல்ல மெல்ல மூலைக்குப் போயின. நீங்கள் இன்று இயற்கைச் சாயத்தை 'மீட்டெடுக்க' வேண்டியிருப்பதே ஒரு மாணவர் சோதனையில் சொதப்பியதால்தான்.

சாயம் முடிந்தது, பின்னல் பாக்கி. முதலில் 10 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, அலசிக் காயவைத்து, கண்ணிகளை எண்ண வேண்டும் என்பார்கள். தவிர்த்துவிடுங்கள். 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்று நினைத்து, 100 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு 220 கண்ணி ஏற்றுகிறீர்கள். உங்கள் கை தளர்வானது, உண்மையில் 20தான் விழுகிறது. ஸ்வெட்டர் 110 சென்டிமீட்டரில் வந்து நிற்கும். இரண்டே கண்ணிதான் வித்தியாசம். பெரிதானால் 'ஓவர்சைஸ்' என்றும், சிறிதானால் 'கிராப்' என்றும் சொல்லுங்கள். தலை நுழையாவிட்டால் சுவரில் மாட்டி 'இன்ஸ்டலேஷன்' ஆக்கலாம்.

முதுகு ஒரு மஞ்சள், கை ஒரு மஞ்சளாக வருவதும் சகஜம். இரண்டு தடவை போட்ட சாயம் ஒன்றுபோல வராது. இரண்டு சிட்டத்தையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னினால் கண்ணுக்குத் தெரியாமல் கலந்துவிடும். ஆனால் அதை முதல் வரிசையிலிருந்தே செய்ய வேண்டும், நீங்களோ இப்போது கழுத்துப் பட்டியில் இருக்கிறீர்கள்.

சோதனை அத்தியாயம் ஒன்று கேட்பார்கள். வெயிலுக்கு எவ்வளவு நிற்கும் என்பதை அளக்கும் 1 முதல் 8 வரையான அளவுகோலே நீலச் சாயமேற்றிய கம்பளித் துண்டுகளால் ஆனது. உங்கள் நூலில் பாதியை அட்டையால் மூடி, அந்தத் துண்டுகளோடு சேர்த்து ஜன்னலில் வைத்தால் உண்மை தெரியும். அதனால்தான் அதற்கு முன்பே ஊட்டிக்குப் போய் போட்டோ எடுத்துவிட வேண்டும். பின்னணியில் தேயிலைத் தோட்டம், மாடலாக அறைத்தோழி, நிறம் வெளுக்கும் முன் நல்ல வெளிச்சம்.

வைவாவில் ஒரு கேள்விதான் ஆபத்தானது. "இதே நிறத்தை இன்னொரு தடவை கொண்டு வர முடியுமாம்மா?" மற்ற எதற்கும் பாரம்பரியம், நிலைத்தன்மை என்று சொல்லித் தப்பிக்கலாம், இதற்கு முடியாது. எந்த வகுப்பிலும் இதற்குப் பதில் வைத்திருப்பவள் ஒருத்தி இருப்பாள். அவள் நோட்டு பார்க்கச் சகிக்காது. தண்ணீர் பட்டு உப்பிய பக்கங்கள், ஓரத்தில் மஞ்சள் கட்டைவிரல் ரேகை. ஒவ்வொரு பக்கத்திலும் பஞ்சிங் துளை போட்டு நூல் முடிச்சு கட்டியிருக்கும். பக்கத்தில் கம்பளி எடை, வெங்காயத் தோல் எடை, படிகாரம், போர்வெல் தண்ணீரா சிறுவாணியா, 80 டிகிரியில் எத்தனை நிமிடம், சட்டியிலேயே ஆறவிட்டது எவ்வளவு நேரம் என்று பென்சிலில் எழுதியிருக்கும். அவளுடைய ஸ்வெட்டர் சாதாரணமாகத்தான் இருக்கும். இரண்டுக்கு இரண்டு ரிப், வட்டக் கழுத்து, ஒரே நிறம். முதல் பரிசு 'இன்ஸ்டலேஷ'னுக்குப் போகும். எனக்கு வேண்டியது அந்த நோட்டு.

வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்ல ஒன்று பாக்கி. அந்தப் பெண் பின்னிக் கொடுத்த மப்ளரைத் துணி சோப்பில் ஊறப் போடாதீர்கள். பச்சைத் தண்ணீரில் பூந்திக்கொட்டை போட்டு அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் படுக்கவைத்துக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் மார்கழிக்குள் முழங்காலைத் தொடும். அப்படியே, வெங்காயத் தோலைக் குப்பையில் போடாமல் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். 100 கிராம் கம்பளிக்கு 50 கிராம் காய்ந்த தோலாவது வேண்டும். ஒரு வீட்டுச் சமையலில் அது சீக்கிரம் சேராது.