தும்மலில் பிறந்த டீசர்

நியூஜெர்சி பிஸ்கட்டவேயில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு தமிழர் கூடினால், வந்த படத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். வராத படத்தைப் பற்றித்தான் பேச்சு. 2023 நவம்பர் 24 என்று தேதி குறித்துவிட்டுக் கடைசி நேரத்தில் ஒதுங்கிய ‘துருவ நட்சத்திரம்’ ஓர் அரை மணி நேரம் ஓடும். மாடியில் பிள்ளைகளுக்கு ‘ஜிடிஏ 6’ கேம். அதுவும் 2025 என்றார்கள், 2026 மே என்றார்கள், அப்புறம் நவம்பர் என்றார்கள்.

வராததற்குக் காத்திருக்கும் இந்த வியாதி கோடம்பாக்கத்திலிருந்து நம்மோடு விமானம் ஏறி வந்ததாகப் பெரியவர்கள் நொந்துகொள்வதுண்டு. அபாண்டம். கிருமி நியூஜெர்சிச் சரக்கு. பரப்பியவர், பக்கத்து ஊருக்கே பெயராகிப்போன தாமஸ் ஆல்வா எடிசன்.

1888 அக்டோபரில், காதுக்கு ஃபோனோகிராஃப் செய்வதைக் கண்ணுக்குச் செய்யும் கருவி ஒன்று தயாராகிறது என்று காப்புரிமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். ஃபர்ஸ்ட் லுக் விட்டாயிற்று, கருவிதான் இல்லை. அந்தச் சில்லறை வேலையை டிக்சன் என்ற உதவியாளர் தலையில் கட்டிவிட்டு, ஐயா பேட்டி கொடுக்கக் கிளம்பினார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் பாருங்கள் என்றார். கண்காட்சி மே மாதம் திறந்தது, அக்டோபரில் மூடியது. சொன்னபடி இயந்திரங்கள் போய்ச் சேரவில்லை. தயாரிப்பாளர் தரப்பு விளக்கம் எல்லாக் காலத்திலும் ஒன்றுதான்: வேலை நடந்துகொண்டிருக்கிறது.

நடந்த இடம் வெஸ்ட் ஆரஞ்சில் ஒரு தார்க்காகிதக் கொட்டகை. கூரையைத் திறந்தால் வெயில் உள்ளே விழும். வெயில் நகர்ந்தால் கொட்டகையையே தண்டவாளத்தில் திருப்ப வேண்டும். போலீஸ் வண்டியின் பட்டப்பெயரான ‘பிளாக் மரியா’வைச் சூட்டியவர்கள் உள்ளே வெந்த ஊழியர்கள்தான். 1894 ஜனவரியில் ஃபிரெட் ஆட் என்ற தொழிலாளி அங்கே கேமரா முன் மூக்குப்பொடி போட்டுத் தும்மினார். அஞ்சு விநாடி, சத்தம் கிடையாது, கதை கிடையாது. மார்ச்சில் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ அந்தத் தும்மலை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பிரித்து அச்சிட்டது. இன்று டீசரை நிறுத்தி நிறுத்தி, ஓரத்தில் தெரிவது யார் கை என்று துப்பறியும் தம்பிகளுக்கு மூதாதை அந்த இதழ்.

ஒருவழியாக 1894 ஏப்ரல் 14 அன்று நியூயார்க் பிராட்வேயில் கருவி ரிலீஸ். இப்போது நாம் சித்திரை முதல் நாள் கொண்டாடும் அதே தேதி! பத்துப் பெட்டிகள். அஞ்சு பெட்டிக்கு 25 சென்ட். குனிந்து, ஓட்டையில் கண்ணை வைத்து, ஒருத்தர் பின் ஒருத்தராகப் பார்க்க வேண்டும். விசிலடிக்கப் பக்கத்தில் ஆள் கிடையாது. அந்த ஒரு குறைதான்.

1908-ல் எடிசன் காப்புரிமைக் கம்பெனி ஒன்றைச் சேர்த்து, கேமரா வைத்திருந்தவனையெல்லாம் கோர்ட்டுக்கு இழுத்தார். தப்பித்தவர்களில் பலர் கலிஃபோர்னியா போனார்கள். 1915-ல் கம்பெனி செய்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தபோது, நியூஜெர்சிக்கு மிஞ்சியது காத்திருக்கும் பழக்கம் மட்டும்.

அது ஊரூராகப் பரவியது. 1997-ல் ‘மருதநாயகம்’ படத்தின் தொடக்க விழாவுக்கு எலிசபெத் ராணியே சென்னை வந்தார். அதே ஆண்டு ‘டியூக் நியூகெம் ஃபாரெவர்’ என்ற கேமை அறிவித்தார்கள். கேம் 2011-ல் வந்து, கழுவிக் கழுவி ஊற்றப்பட்டது. மருதநாயகம் வரவே இல்லை. இன்றுவரை ஒரு மோசமான விமர்சனம் கிடையாது.

பிளாக் மரியாவின் மாதிரியை வெஸ்ட் ஆரஞ்சில் பார்க்கலாம். கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எடிசன் இடம், நம்பிப் போகாதீர்கள்.