பத்துப் பக்கத்துக்குள் ஒரு ஊர்

2010 இல் புளொக்கரில் நிலையான பக்கங்கள் அறிமுகமானபோது ஒரு வலைப்பூவுக்குப் பத்துப் பக்கம்தான் தந்தார்கள். செங்கலடிச் சந்தியில் பதுளை வீதி பிரிகிற இடத்துக்குக் கிட்ட ஒரு நெற் கபே. அங்கே இருந்துகொண்டு, பத்துக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று கூட்டாளிமாரோடு பொழுதுபடும் வரை வாதாடியிருக்கிறேன். “கூத்தையும் வாவியையும் விட்டுப்போட்டு ஊர எழுதேலாது மச்சான்” என்பான் ஒருவன்.

அதுவரை எங்களுக்குப் பதிவுகள் மட்டும்தான். புதியது மேலே ஏற, பழையது கீழே இறங்கி மறையும். கோயில் சடங்கு அறிவித்தல் அப்படிப் போனால் நட்டமில்லை. கறுத்தப்பாலத்தின் கதை போகலாமா? யுத்தகாலத்தில் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போகிறவர்கள் சோதனைக்காகக் காத்துநின்ற இடம் அது. அதற்கு ஒரு நிலையான பக்கம் வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒருமித்து நின்றோம்.

பக்கத்துக்குத் திகதி வரிசை கிடையாது. 2011 சனவரியில் மட்டக்களப்பே வெள்ளத்தில் மூழ்கியது. அதன் பிறகு பாதைகள் பற்றிய பக்கத்தை இருந்த இடத்திலேயே திருத்தினோம், முகவரி மாறவில்லை. தமிழில் தலைப்பிட்டால் முகவரியில் வெறும் ‘புளொக் பேஜ்’ என்று விழும். ஆகவே முதலில் ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயரைத் தலைப்பாக்கி வெளியிடுவோம், பிறகு தலைப்பைத் தமிழாக்குவோம். நீண்டகாலம் நிற்க வேண்டியதற்கு முகவரிதான் உயிர். 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண் கொடுத்து அடுக்கியிருப்பதால்தான், எங்கிருந்தும் அதை இன்றைக்கும் தேடி எடுக்க முடிகிறது.

இப்போது அந்தப் பத்து என்ற கட்டுப்பாடு இல்லை. ஆனால் பக்கம் திறக்கத்தான் ஆளில்லை. எல்லோரும் சமூக வலைத்தளத்தில் எழுதுகிறார்கள், அதுவும் நன்றாகவே எழுதுகிறார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் கறுத்தப்பாலத்தைப் பற்றி நீளமாக எழுதினார். கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற எங்கள் சனம் அதன் கீழே தங்கள் அனுபவங்களைக் கொட்டியது. எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத சாட்சியம் அது. சில மாதம் கழித்து, அதை ஒரு பக்கமாக்கலாமா ஐயா என்று கேட்டேன். அவர் கைபேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எழுதியவருக்கே அது அகப்படவில்லை. இப்போது பின்னேரங்களில் அவர் வீட்டுக்குப் போய், அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன்.