மேல்முண்டும் துப்பட்டாவும்

எங்கள் பக்கத்தில் முந்திரி ஆலைக்கு அண்டி ஆபீஸ் என்றுதான் பெயர். புதுக்கடை, கருங்கல், மார்த்தாண்டம் வட்டாரத்தில் அதிகம் படிக்காத பெண்களுக்கு வேலை என்றால் அநேகமாக அதுதான். எழுபதுகளில் என் அம்மை போனதும் அங்கேதான். விடியுமுன் குளித்து, வெளுத்த சேலையும் ஜம்பரும் உடுத்து, எண்ணெய் வைத்துத் தலை சீவி, தூக்குப்பாத்திரத்தோடு இறங்குவாள். கூடவே ஒரு துணிப்பை. அதற்குள் அப்பாவின் கிழிந்த சட்டையும் ஒரு பழைய முண்டும் இருக்கும். ஆபீசுக்குள் போனதும் நல்ல சேலையை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு, அந்தப் பழசை உடுத்த பிறகுதான் அண்டி தல்ல உட்காருவாள்.

வறுத்த அண்டியின் ஓட்டில் கசியும் எண்ணெய் பட்டால் தோல் பொத்துப்போகும். துணியில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, கட்டையால் ஒவ்வொன்றாகத் தட்டி உடைப்பார்கள். பருப்பு உடைந்துவிட்டால் விலை குறையும், கூலியும் குறையும். சாயங்காலம் கை கால் கழுவி, திரும்பவும் வெளுத்த சேலை உடுத்து, காலையில் போனதுபோலவே வீட்டுக்கு வருவாள். விரல்கள் மட்டும் கறுத்துக் கிடக்கும்.

“வேலைக்குத்தானே போற, ரெண்டு உடுப்பு என்னத்துக்கு?” என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

“பாதையில நாலுபேரு நம்மளப் பாப்பாவ, மக்களே. அங்க அண்டி மட்டுந்தானே பாக்கும்.”

அந்தப் பதிலுக்குப் பின்னால் எத்தனை தலைமுறை நின்றது என்பது பிறகு படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. இந்த மண் 1956 நவம்பர் 1 வரை முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்டதற்காக 1954 ஆகஸ்ட் 11 அன்று போலீஸ் சுட்டுக் கொன்றவர்களை நினைவுகூரும்போது எங்கள் புதுக்கடை, மார்த்தாண்டம் பெயர்களைச் சொல்வார்கள். அதற்கும் நூறாண்டுக்கு முன்னால் இதே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேல்முண்டு போட்டால் சந்தையில் வைத்தே பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் குப்பாயம் என்ற மேற்சட்டை போட்டுக்கொள்ளலாம், உயர்சாதிப் பெண்களைப்போல் தோள்சீலை மட்டும் கூடாது என்றது அரசு. 1829-இல் அதை ஒரு பிரகடனமாகவே வெளியிட்டது. அடியும் தீவைப்பும் வழக்கும் முப்பது ஆண்டு தொடர்ந்தன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26 அன்று மகாராஜா உத்திரம் திருநாள் ஓர் உத்தரவு போட்டார். நாடார் பெண்கள் எப்படி வேண்டுமானாலும் மார்பை மூடிக்கொள்ளலாம், கடற்கரை முக்குவப் பெண்களைப்போல முரட்டுத் துணியும் கட்டலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல மட்டும் உடுத்தக் கூடாது என்றது அது. அனுமதி கொடுக்கும்போதும் ஒரு வாலை ஒட்டவைத்தே கொடுத்தார்கள். அந்த வாலையும் காலப்போக்கில் எங்கள் பெண்கள் அறுத்தெறிந்தார்கள்.

ஆகவே அம்மையின் வெளுத்த சேலையை அலங்காரம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் நான் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். பெண் என்றால் சேலை. எழுதிவைத்த விதி எதுவும் இல்லை, எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான். தூரத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வரும் ஒருத்தி ஒருநாள் சுடிதாரில் வந்தாள். அவள் நீட்டிய கோப்பைக்கூட மேலதிகாரி கையில் வாங்கவில்லை. நெரிசலில் கொசுவம் அவிழாமல் படியேறும் சிரமம் அவருக்கு எங்கே தெரியப்போகிறது? மறுநாள் அவள் சேலையில் வந்தாள். நாங்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

பிறகு சுடிதார் வழக்கத்துக்கு வந்தது. 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு அரசு ஓர் உடை விதி வெளியிட்டது. ஆண்களுக்குச் சட்டையும் பேண்ட்டும், அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி. பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், அல்லது துப்பட்டாவோடு சுடிதார். வேட்டியைச் சேர்த்ததில் எனக்கு மகிழ்ச்சி. 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியைச் சேப்பாக்கத்து கிரிக்கெட் மன்றம் ஒன்று உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபையில் அதற்கெதிராகச் சட்டம் வந்தது. ஆணின் வேட்டிக்கு ஒரு மாதம் போதுமானதாக இருந்தது. எங்கள் பாட்டிமாரின் மேல்துணிக்கு முப்பது ஆண்டுக்கும் மேல் ஆனது.

அந்தத் துப்பட்டா என்ற சொல்லைத்தான் என்னால் தாண்டிப்போக முடியவில்லை. தோளில் துணி போட்டதற்காக அடிபட்டவர்களின் பேத்திகளுக்கு, தோளில் துணி இல்லாமல் வராதே என்று விதி. அன்றைக்கும் பெண்ணைக் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. அதே 2019-இல், ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்திலிருந்து உடையின் சமூக வரலாற்றைச் சொன்ன பாடத்தை என்.சி.இ.ஆர்.டி. நீக்கியது. தோள்சீலைப் போராட்டம் இருந்த பாடம் அதுதான். பிள்ளைகளின் சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள்.

இப்போது என் மகள் திருவனந்தபுரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை இஷ்டம்போல் உடுத்தலாம் என்பார்கள். இந்த வழக்கம் பிறந்தது ஹவாய்த் தீவில். அறுபதுகளில் அங்கே துணி வியாபாரிகள், பூப்போட்ட தங்கள் சட்டை விற்பதற்காக வெள்ளிக்கிழமைகளைக் கேட்டு வாங்கினார்கள். 1992-இல் லீவைஸ் நிறுவனம், அலுவலகத்தில் சாதாரணமாக உடுப்பது எப்படி என்று ஒரு கையேடு அச்சிட்டு, அமெரிக்கா முழுக்க ஏறத்தாழ 25,000 மனிதவள அதிகாரிகளுக்கு அனுப்பியது. சுதந்திரமான நாளுக்கும் விற்பவன்தான் அளவெடுத்திருக்கிறான்.

அந்த வெள்ளிக்கிழமை உடை பற்றி மகளின் நிறுவனம் அனுப்பிய அறிவிப்பை ஒருநாள் வாங்கிப் படித்தேன். ஆண்களுக்கு ஒரே வரி: அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் வேண்டாம். பெண்களுக்குப் பெரிய பட்டியல். கையில்லாத சட்டை, இறங்கிய கழுத்து, குட்டைப் பாவாடை, இறுக்கமான கால்சட்டை. அவள் தொளதொளத்த ஒரு டீ-சர்ட்டும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு, “இது போதுமாம்மா?” என்றாள். “உனக்கு இருக்க, எழும்ப, பஸ்ஸுக்கு ஓட வசதியா இருக்கா?” என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். “அப்போ போதும், மக்களே.”

அலுவலகத்துக்கு எப்படி உடுத்தாலும் சரி என்று நான் சொல்லவில்லை. கவுண்டருக்கு எதிரில் விதவைப் பென்ஷன் மனுவோடு நிற்கிற அம்மாள், தன்னிடமிருப்பதில் நல்ல சேலையைத் தேடி உடுத்து வந்திருப்பாள். கசங்கிய பனியனோடு அவளிடம் பேசுவது அவளை மதிக்காததுதான். வெள்ளிக்கிழமையானாலும் துவைத்த, இஸ்திரி போட்ட துணி வேண்டும். எதிரில் வருகிற மனிதரை நினைத்து உடுக்க வேண்டும். இந்த இரண்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். இதற்கு மேல் பெண்ணின் கழுத்தையும் தோளையும் அளக்க எந்த அலுவலகத்துக்கும் வேலையில்லை.

உடை விதி எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். எழுதும் முன்பு உங்கள் அலுவலகத்துப் பெண்களை உட்காரவைத்துக் கேளுங்கள், கூட்டிப் பெருக்குகிற பெண்ணையும் சேர்த்து. இருபாலருக்கும் ஒரே வரியாக எழுதுங்கள். பாடநூல் எழுதுகிறவர்களிடம் கேட்பது: எடுத்த அந்தப் பக்கங்களைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.