68 ரூபாய்க் கறிவேப்பிலை

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு ரசத்துக்கு 68 ரூபாய்க்குக் கறிவேப்பிலை வாங்கினேன். இலை 9 ரூபாய். ஹேண்ட்லிங் 10. சின்னதாக ஆர்டர் போட்ட குற்றத்துக்கு 20. டெலிவரி 25. இத்தனைக்கும் மேல் வரி 4. நீங்களும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், விளக்க வேண்டியதில்லை.

அதுகூடப் பரவாயில்லை. பையன் வந்து கேட்டில் நிற்கிறான். செக்யூரிட்டி அவருடைய ஆப்பில் தட்டுகிறார். என் போன் படுக்கையறையில் சார்ஜில் கிடக்கிறது. அடுப்பில் நெய் காய்ந்து, கடுகு வெடித்து, மிளகாய் கறுக்க ஆரம்பித்தாகிவிட்டது. "அப்ரூவ் பண்ணுங்களேன்" என்று மனைவி கரண்டியோடு கத்துகிறாள். இருபத்தேழு வருஷத்தில் என்னுடைய அப்ரூவலை அவள் கேட்டது அன்றைக்குத்தான்.

பொத்தானை அமுக்கிவிட்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் மூன்று மாடி இறங்கி ஓடினேன். பையன் பொட்டலத்தை நீட்டினான். ஹெல்மெட்டைத் தூக்கி என் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

"சார், உள்ளயே மரம் நிக்குதே?"

நின்றது. கிரவுண்ட் ஃப்ளோர் வீட்டு ஜன்னலை ஒட்டி, தளதளவென்று, மாடி சன்ஷேடைத் தொட்டுக்கொண்டு.

"அது அவங்களோடது."

"கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

நிமிஷக் கணக்கில் ஓடுகிற பையனுக்கு இதையெல்லாம் கேட்க எங்கிருந்துதான் நேரம் கிடைக்கிறதோ. ஒரு ஸ்டார் குறைத்தேன். படி ஏறும்போது மனசு கேட்காமல் திரும்பப் போட்டேன். மேலே போனால், கறிவேப்பிலை இல்லாமலே ரசம் இறங்கியிருந்தது.

கேட்டால் கொடுப்பார்கள். கேட்கத்தான் முடியாது. கீழ்வீட்டுக்காரருக்கும் எனக்கும் பதினொரு மாதமாகப் பேச்சு இல்லை. அசோசியேஷன் வாட்ஸப் குரூப்பில் அவர், "முதுகு வலியால் மீட்டிங்குக்கு வர இயலவில்லை" என்று எழுதியிருந்தார். நான் கும்பிடு போடப்போய், விரல் வழுக்கி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற முகத்தைப் போட்டுவிட்டேன். கண்ணாடி இல்லாத நேரம். இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன். அதற்குள் இன்னும் நான்கு பேர் அதே முகத்தைப் போட்டிருந்தார்கள்.

பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர், இந்தத் தொழில்நுட்ப யுகத்தில் மனிதர்கள் மனிதர்களாகவே இருப்பது எப்படி, அக்கம்பக்கத்தை வளர்ப்பது எப்படி என்று கட்டுரை கேட்டிருக்கிறார். அதற்குத்தான் வருகிறேன். அதற்கு முன்னால் கொசுறு பற்றி ஒரு வார்த்தை.

கொசுறு என்பது இலவசம் இல்லை. இலவசத்தை போர்டில் எழுதி மாட்டுவார்கள். கொசுறைக் கேட்டு வாங்க வேண்டும், ஆனால் கேட்ட மாதிரி தெரியக் கூடாது. என் அம்மா இதில் வித்வான். மாம்பலம் மார்க்கெட்டில் காய் எடை போட்டு, பைக்குள் போய், காசும் கொடுத்த பிறகு இரண்டு எட்டு நடப்பாள். எதையோ மறந்தவள் மாதிரி திரும்புவாள். "ஏம்ப்பா, கறிவேப்பிலை கண்ணுலயே படலையே?" கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு கொத்தை எறிவார். "கொத்தமல்லிக்கு என்ன பஞ்சமா?" "நான் பொழைக்க வேண்டாமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே அதையும் எறிவார். அவர் மகளுக்கு வரன் பார்த்தது, மச்சான் பண்ருட்டியில் நிலத்தை விற்றது எல்லாம் இந்த எறிதலுக்கு நடுவில்தான் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

பூக்காரம்மா முழம் போட்டு முடித்து, நாரை அறுப்பதற்கு முன்னால் கை ஒரு விரற்கடை நகரும். அந்த விரற்கடை கொசுறு. பால்காரர் அளந்து ஊற்றிய பிறகு ஒரு சிலுப்பு சிலுப்புவாரே, அது கொசுறு. பானிபூரிக்காரர் கடைசியில் கையில் வைக்கிற வெறும் பூரி கொசுறு. அதைக் கேட்காமல் நகர்கிறவர்களை நான் நம்புவதில்லை. அப்பா ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டதும் "கொஞ்சம் உதறுங்க" என்பார். குழாயில் இருக்கிற சொட்டுக்கும் மீட்டர் ஓடியாகிவிட்டது, அது நம் காசுதான். ஆனாலும் உதறி விழும் மூன்று சொட்டில்தான் அவருக்கு வண்டி ஓடியது. அரிசி மண்டியில் பெரியப்பா தரம் பார்க்கிறேன் என்று மென்றே அரைப்படி தீர்ப்பார். சித்தப்பா ஒரு படி மேல். சித்திக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் போய், ஃபீஸ் கொடுத்துவிட்டு, "அப்படியே எனக்கும் பிபி பார்த்துடுங்களேன்" என்று சட்டைக் கையைச் சுருட்டுவார். நகைக்கடையில் கொசுறாக ஒரு பர்ஸ் கொடுப்பார்கள். அதில் போடுவதற்கு அப்புறம் நம்மிடம் ஒன்றும் இருக்காது.

எதிர்க்கொசுறும் உண்டு. அதைச் சென்னை ஆட்டோக்காரர்கள் "மேல போட்டுக் குடு சார்" என்பார்கள். அதையும் இப்போது பொத்தானாக்கிவிட்டார்கள். வண்டி சீக்கிரம் வர வேண்டுமா, பத்து ரூபாய் சேர், இருபது சேர் என்று திரை கேட்கிறது. ஆட்டோக்காரரிடம் என்றால் "மேல எதுக்குப்பா, எனக்கென்ன மேலயா வீடு?" என்று ஒரு வாய் சண்டை போடலாம். திரையிடம் என்ன போடுவது?

யூபிஐ 2016இல் வந்தது. அதற்கு முன்னால் சில்லறை இல்லை என்றால் அண்ணாச்சி ஒரு மிட்டாயோ தீப்பெட்டியோ தள்ளுவார். அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது 37 ரூபாய் என்றால் சுத்தமாக 37, பாக்கியும் இல்லை, பேச்சும் இல்லை, பக்கத்தில் டப்பா தெருவுக்கே அறிவிக்கிறது. 2024 மே மாதம் ஒரு மும்பைக்காரர், காய்கறி ஆப்பில் கொத்தமல்லிக்குக் காசு கேட்கிறார்களே என்று தன் அம்மாவுக்குக் கிட்டத்தட்ட மாரடைப்பே வந்துவிட்டதாக எழுதினார். அப்போதைய பிளிங்கிட் தலைவர் அல்பிந்தர் திண்ட்ஸா அதைப் பார்த்துவிட்டு, காய் வாங்கினால் கொத்தமல்லி இலவசம் என்று ஆப்பிலேயே ஏற்பாடு செய்துவிட்டார். நாடே அந்த அம்மாவைக் கொண்டாடியது. நானும்தான். அப்புறம் யோசித்தால் வயிறு எரிந்தது. கேட்காமல் எல்லாருக்கும் ஒரே அளவில் வந்தால் அதன் பெயர் கொசுறா? என் அம்மா அந்தக் கொத்தமல்லியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு எட்டு நடந்து, திரும்பிவந்து கேட்டிருப்பாள்.

எங்கே விட்டேன்? அக்கம்பக்கம்.

2022இல் வாட்ஸப் 'கம்யூனிட்டி' என்றே ஒன்றைக் கொண்டுவந்தது. எங்கள் செக்ரட்டரி மறுநாளே ஆரம்பித்துவிட்டார். தண்ணீருக்கு ஒரு குரூப், பார்க்கிங்குக்கு ஒன்று, பண்டிகைக்கு ஒன்று, யாரும் பேச முடியாத அறிவிப்புக்கு ஒன்று. முப்பத்திரண்டு வீடு, நான்கு குரூப். இரண்டாவது மாடிப் பையனுக்கு ஓஎம்ஆரில் வேலை போய் இரண்டு மாதம் யாருக்கும் தெரியாது. தினமும் எட்டரைக்குப் பையை மாட்டிக்கொண்டு வெளியே போய்க்கொண்டுதான் இருந்தான். மெயின்டனன்ஸ்கூடத் தவறவில்லை. காலி செய்கிற அன்றைக்கு, டெம்போக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. குரூப்பில் பதினான்கு கும்பிடு விழுந்தன. டெம்போ உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் கேட் ஆப்பில் நிமிஷ சுத்தமாக இருக்கின்றன.

டெலிவரி பையன்கள் உட்கார்ந்து போன் சார்ஜ் போட்டுக்கொள்ள மாநகராட்சி 2025இல் அண்ணா நகரில் ஏசி அறையே திறந்தது. எங்கள் கேட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுவது அஜெண்டாவில் ஆறாவது ஐட்டமாக மூன்று மீட்டிங்காக உட்கார்ந்திருக்கிறது.

இதே கட்டிடம்தான். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. 1878இலிருந்து வந்துகொண்டிருந்த 'தி இந்து' மறுநாள் சென்னையில் அச்சாகவில்லை. வேளச்சேரியில் எங்கள் கிரவுண்ட் ஃப்ளோர் ஜன்னல் வரை தண்ணீர். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. கீழ்வீட்டுக்காரர் குடும்பத்தோடு எங்கள் ஹாலில் நான்கு ராத்திரி படுத்தார். அவர் எந்தப் பக்கம் திரும்பினால் குறட்டை நிற்கும் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் தெரியும், பிரயோஜனம்தான் இல்லை. தண்ணீர் வடிந்து சேற்றை அள்ளிப் போட்ட பிறகு, "பில்டிங்குக்கே ஆகட்டும் சார்" என்று ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கிவந்தார். குழி தோண்டியது நான்.

ஆமாம், அந்த மரம்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நேற்று சாயங்காலம் மறுபடி கறிவேப்பிலை தீர்ந்தது. போனை எடுத்தேன். அந்த 68 நெஞ்சை அடைத்தது. கேட்டேவிடுவது என்று கீழே இறங்கினேன். ஜன்னல் திறந்திருந்தது, உள்ளே டிவி ஓடியது. தொண்டையைக் கனைத்தேன். யாரும் வரவில்லை, இல்லை, நான் சரியாகக் கனைக்கவில்லை. இருட்டிவிட்டது. ஒரு இணுக்கு ஒடித்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

இன்று காலை குரூப்பில் செக்ரட்டரி பன்னிரண்டு விநாடி சிசிடிவி போட்டிருக்கிறார். லுங்கியோடு ஒரு முதுகு, குனிந்து, ஒடித்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நடக்கிறது. "வெளியாள் நடமாட்டம். யாரென்று தெரிந்தால் சொல்லவும்." முப்பத்திரண்டு வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. லுங்கியைத் துவைத்துப் போடுகிறவள் மட்டும் அடுப்படியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கீழ்வீட்டுக்காரர் ஒன்றும் எழுதவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற அந்த முகத்தைப் போட்டிருக்கிறார். விரல் வழுக்கியிருக்குமோ என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் எடுக்கவில்லை.