நாற்பது மணி நேரப் புண்ணியம்

ஸ்கார்பரோ, கனடா,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

மே மாதம் பிறந்தும் இங்கே ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. நீங்கள் நம்மூர் வெள்ளிமலையில் மார்கழிக்குப் போர்த்துவதை நாங்கள் இங்கே கோடையை வரவேற்கப் போர்த்துகிறோம்.

பள்ளி ஆண்டு மலரில் இரண்டு பக்கம் காலியாக இருக்கிறது, வெளிநாட்டில் பள்ளிக்கூடம் வருஷம் முழுக்க எப்படி நடக்கிறது என்று எழுதி அனுப்பு என்று வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தீர்கள். கட்டுரை எழுத எனக்கு எப்போது வந்தது? கடிதம்தான் வரும். வேண்டாததை நீங்களே அடித்துவிடுங்கள். வாத்தியார் பையில் சிவப்பு மைக்கா பஞ்சம்?

இங்கே பள்ளி திறப்பது செப்டம்பரில். எங்கள் பாப்பா படிப்பது பத்தாவது. யூனிஃபார்ம் கிடையாது. முட்டி கிழிந்த பேண்ட்டுடன் பிள்ளைகள் வருகிறார்கள். கிழிசல் அதிகமாக ஆக விலையும் அதிகமாம். நம் ஆயா இருந்திருந்தால் வாசலிலேயே ஊசி நூலோடு உட்கார்ந்திருப்பார். காலையில் அசெம்பிளி என்று வெயிலில் நிறுத்துவதில்லை. அதனால் மயங்கி விழும் பிள்ளையை நிழலுக்குத் தூக்கிப் போகிற சாக்கில் தப்பிக்கும் வாய்ப்பும் இல்லை. ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். கூடவே ஓர் அறிவிப்பு: இந்தப் பள்ளி நிற்கும் நிலம் ஆதிக்குடிகளுடைய நிலம் என்று தினமும் வாசிக்கிறார்கள். நம் மலையில் பட்டாவுக்கு மனு எழுதிக் கை ஓய்ந்தவர்கள் இதைக் கேட்டால், “வாசிக்கிறது இருக்கட்டும், பட்டா எப்ப?” என்பார்கள். இங்குள்ள ஆதிக்குடிகள் கேட்பதும் ஏறக்குறைய அதேதான்.

செப்டம்பர் கடைசியில் ஓர் ஓட்டம் நடத்துகிறார்கள். டெர்ரி ஃபாக்ஸ் என்று ஒரு பையன். புற்றுநோயில் வலது காலை இழந்தவன். 1980-ல் செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கோடியிலிருந்து ஓட ஆரம்பித்து, புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு திரட்டினான். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதும் இந்த ஒண்டாரியோ மாகாணத்தில்தான் நின்றான். அடுத்த வருஷம் ஜூனில், 23 வயது நிறையும் முன்பே போய்விட்டான். அவன் பெயரில் இன்றைக்கும் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு டாலர் காசு கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓடுகிறார்கள். ஓடுகிறார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதிப் பேர் செல்ஃபோனைப் பார்த்தபடி நடக்கிறார்கள். உங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பை இங்கே கொண்டுவந்து விட்டால், ஓட்டம் தொடங்கினதே தெரியாமல் முடித்துவிட்டு, பரிசு எவர்சில்வர் டம்ளரா, பிளாஸ்டிக் டப்பாவா என்று வரிசையில் நிற்கும்.

அதே செப்டம்பர் 30-ம் தேதி எல்லோரும் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுப் போக வேண்டும். ஏதோ கட்சி மாநாடு என்று நினைத்தேன். விஷயம் அப்படியில்லை அண்ணே. ஆதிக்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தங்கிப் படிக்கும் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் அடித்து வளர்த்திருக்கிறார்கள். சுமார் ஒன்றரை லட்சம் பிள்ளைகள். கடைசிப் பள்ளி மூடியது 1990-களின் பின்பாதியில். 1973-ல் பள்ளியில் சேர்ந்த ஒரு சிறுமியிடம், பாட்டி வாங்கிக் கொடுத்த புது ஆரஞ்சுச் சட்டையை முதல் நாளே பிடுங்கிக்கொண்டார்களாம். அந்தச் சட்டைக்காகத்தான் இந்த நாள். பாப்பா கேட்டாள்: “அப்பா, நீங்களும் பெரியப்பாவும் படிச்சதும் பழங்குடி ரெசிடென்ஷியல் ஸ்கூல்தானே?” பெயர் என்னவோ அதேதான், அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. காபித் தோட்டத்துக்கும் மிளகு பறிக்கவும் அப்பா அம்மா போன மாதங்களில் நமக்குச் சோறு போட்டு, விளக்கேற்றிப் படிக்க வைத்த இடம் அது என்று அவளுக்கு விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. நம் பேச்சைக் கேலி செய்த வாத்தியார் ஒருவர் இருந்தார் என்பதையும் சொன்னேன். அவரை மட்டும் அவள் நன்றாகக் குறித்துக்கொண்டாள்.

சோறு என்றதும் ஒன்று. கனடா அரசு தேசியப் பள்ளி உணவுத் திட்டம் என்று அறிவித்தது 2024-ல். எம்.ஜி.ஆர். சத்துணவு 1982. அதற்கும் முன்னால் காமராசர். 2022-லிருந்து தொடக்கப் பள்ளியில் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் இவர்களுக்கு நாம்தான் பெரியண்ணன். ஆபீசில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. முட்டை உண்டு என்றதும் சுத்தமாக நம்பவில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா ஒன்பதாவது சேர்ந்தபோது பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா வந்து எச்சரித்தார். “தம்பி, இப்பவே தொடங்குங்கோ. பன்னிரண்டாம் வகுப்பு முடியிறதுக்குள்ள பிள்ளை நாப்பது மணித்தியாலம் பொதுச்சேவை செய்து காட்டவேணும். இல்லாட்டி எவ்வளவு மார்க் எடுத்தாலும் டிப்ளோமா குடுக்க மாட்டினம்.”

விளையாட்டில்லை, 1999-ல் வந்த விதி. கொரோனா காலத்தில் இருபதாகக் குறைத்துவிட்டு மறுபடி நாற்பதாக்கிவிட்டார்கள். இதற்கென்று ஒரு படிவம்: தேதி, செய்த வேலை, எத்தனை மணி நேரம், மேற்பார்த்தவர் பெயர், கையெழுத்து, தொலைபேசி எண். கூலி வாங்கிய வேலை சேராது. வகுப்பு நேரத்தில் செய்தது சேராது. வீட்டு வேலையும் சேராது. பாத்திரம் கழுவச் சொன்ன அம்மாவிடம் பாப்பா அந்தக் கடைசி விதியை வாசித்துக் காட்டினாள். அன்று பாத்திரம் நான் கழுவினேன். எனக்கும் சேரவில்லை.

கோயிலில் ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். கரண்டிக்கு அடிதடி. சாம்பார் ஊற்ற ஒருவன், அப்பளம் வைக்க ஒருத்தி, அப்பளம் வைப்பதை மேற்பார்க்க ஒருவன். சாப்பிட வந்தவர்களைவிடப் பரிமாற வந்தவர்கள் அதிகம். பந்தி முடிந்ததும் சாமிக்கு முன்னால் கூட்டமில்லை. கையெழுத்துப் போடும் மேலாளர் முன்னால்தான் கூட்டம். பாப்பா அந்தக் கூட்டத்தில் சேராமல் உணவு வங்கிக்குப் போனாள். மற்றவர்கள் தானம் கொடுத்த டப்பாக்களைப் பிரித்து அடுக்கும் வேலை. ஒவ்வொரு டப்பாவையும் கவிழ்த்து, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் காலாவதித் தேதியைப் பார்த்து, நசுங்கியதை ஒதுக்கி, மிச்சத்தை பீன்ஸ் தனி, தக்காளி தனி, மீன் தனி என்று அட்டைப் பெட்டியில் போட வேண்டும். முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் நேராக எங்கள் அலமாரியைத் திறந்து, அம்மா பத்திரமாக வைத்திருந்த ரசப்பொடி, புளிக்காய்ச்சல் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தாள். வீட்டில் பெரிய சண்டை.

அடுத்தது பனி. எதிர்வீட்டில் ஓர் இத்தாலியப் பாட்டி தனியாக இருக்கிறார். ராத்திரி விழுந்த பனியைக் காலையில் வாசலிலிருந்து வாரிக் கொட்டினால்தான் வெளியே வர முடியும். வயதானவர்களுக்கு உதவுவது படிவத்தில் செல்லும் என்பதால் பாப்பா மண்வாரியோடு போனாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கி என்னைக் கூப்பிட்டாள், நானும் வாரினேன். முடிந்ததும் பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு மணி நேரம் என்று எழுதப் போனார். “பாதி எங்க அப்பா செஞ்சாரு, அரை மணி போடுங்க” என்கிறாள் இவள். பாட்டி நடுங்கும் கையால் அரை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, எனக்கு ஒரு காபி கொடுத்தார். ஊறவைத்த கடுக்காய்த் தண்ணீர் மாதிரி ஒரு கசப்பு.

முதலில் எனக்கு இது சிரிப்பாகத்தான் இருந்தது. புண்ணியத்துக்கு ரசீதா? நம் விடுதியில் நாம் செய்ததற்கெல்லாம் மணிக்கணக்குப் போட்டால் நம் பேரன் பேத்திகளுக்குக்கூட டிப்ளோமா கிடைக்கும். சமையற்கட்டுக்கு விறகு பொறுக்கினோம். குழாய் மக்கர் செய்த நாளெல்லாம் ஓடையிலிருந்து குடம் சுமந்தோம். என்.எஸ்.எஸ். முகாம் என்று பாதை வெட்டினோம். காடு நிறைய மரம் இருக்கும் மலையில் மரக்கன்று நட்டோம். யார் எழுதி வைத்தார்கள்?

யாரும் எழுதி வைக்காததால் என்ன நடந்தது என்பதும் ஞாபகம் வந்தது. குடம் சுமந்தது எப்போதும் அதே பையன்கள். எழுத்து அழகாக இருந்தவன் நிழலில் உட்கார்ந்து பதிவேட்டில் கோடு போட்டான். எழுத்து அழகாக இல்லாதவன் பெருக்கினான், அதற்குள் அவனுக்குக் கணக்குப் பாடம் போயிருக்கும். ஆயா சொல்வார், மலையை ஆண்ட ஜாகீர்தார் காலத்தில் ஆள் வந்து கூப்பிட்டால் போய் வேலை செய்துவிட்டுச் சும்மா திரும்ப வேண்டியதுதான் என்று. மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976-ல். நாடு சுதந்திரம் வாங்கிக் கால் நூற்றாண்டு தாண்டிய பிறகு! கணக்கில்லாத வேலைக்கு நம் மலையில் அவ்வளவு நீண்ட பழக்கம். அதனால் இப்போதெல்லாம் அந்தப் படிவத்தை நான் கேலி செய்வதில்லை. ஒரு பெரியவர் கடிகாரத்தைப் பார்த்து, இவ்வளவு நேரம் இந்தப் பிள்ளை உழைத்தது என்று தன் பெயரைப் போட்டு எழுதுகிறார். நாற்பது ஆனதும் போதும் என்கிறார்கள். அந்தப் “போதும்” எனக்குப் பிடித்திருக்கிறது.

சாதனைகள் என்று ஒரு தலைப்புப் போடச் சொல்லியிருந்தீர்கள். அதில்தான் சிக்கல். பெற்றோர் சந்திப்புக்கு நேரம் முன்பதிவு செய்துகொண்டு போனேன். கூடுதலாக ஒரு நிமிஷம் கிடையாது. என்ன ரேங்க் என்று கேட்டேன். ரேங்க் இல்லையாம். எண்பது சதவீதம் தாண்டினவர் எல்லோரும் கௌரவப் பட்டியலில் இருக்கிறார்களாம். பொறுப்பு, கூடி வேலை செய்தல், தானாக முன்வருதல் என்று ஆறு குணங்களுக்குத் தனியாக மதிப்பெண் எழுத்து. “உங்கள் மகள் மற்றவர் பேசும்போது கவனித்துக் கேட்கிறாள்” என்றார் டீச்சர். வீட்டில் பேசுவது யார் என்று தெரிந்துவிட்டதோ என்று எனக்குக் கூச்சம். நம்மூரிலும் அரசு 2017-லேயே மாநில ரேங்க்கை நிறுத்திவிட்டது, உண்மைதான். கள்ளக்குறிச்சி துருகம் சாலைக்கு யாராவது அதைச் சொன்னார்களா? ரிசல்ட் வந்த மறுநாள், பத்தாவதில் 490 வாங்கின பிள்ளை கைகூப்பி நிற்கும் ஃப்ளெக்ஸ், பக்கத்தில் காதுகுத்துக்கு வரவேற்கும் தாய்மாமன்களைவிடப் பெரிதாக இருக்கும். இங்கே பிள்ளை படத்தை ரோட்டில் வைத்தால் காணாமல் போன பிள்ளையோ என்று போலீசுக்கு ஃபோன் போடுவார்கள்.

விடுமுறை விஷயத்தில் இவர்கள் கல்நெஞ்சக்காரர்கள். முழங்கால் உயரம் பனி விழுந்தாலும், “பஸ் ஓடாது, பள்ளி உண்டு” என்று விடிகாலையில் அறிவிக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் பழைய காலம் ஞாபகம் வரும். கலெக்டர் இருந்த விழுப்புரத்தில் மழை பெய்தால் நமக்கு விடுமுறை. கோமுகி அணை நிரம்பி வழிந்தாலும் விழுப்புரத்தில் வெயில் அடித்தால் பள்ளி உண்டு. 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்து நமக்கென்று ஒரு கலெக்டர் வந்ததில் பிள்ளைகளுக்குக் கிடைத்த முதல் நன்மை, நம் மழைக்கு நம் விடுமுறை. இதை ஆண்டு மலரில் போடாதீர்கள்.

ஜனவரியை இங்கே தமிழ் மரபு மாதமாக்கியிருக்கிறார்கள். ஒண்டாரியோ சட்டமன்றம் 2014-ல், கனடா நாடாளுமன்றம் 2016-ல். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் பொங்கல். அடுப்பு பற்றவைக்கத் தடை, தீயணைப்பு மணி அடித்துவிடும். எனவே எலெக்ட்ரிக் குக்கர். பொங்கி வழிந்தால் மின்சாரக் கோளாறு என்பதால் வழியவும் கூடாது என்று துணைத் தலைமையாசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குக்கரில் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை விளக்கு எரிந்ததும் அத்தனை பிள்ளைகளும் “பொங்கலோ பொங்கல்” என்று கத்தினார்கள். ஒரு சீனப் பையன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினான். நீங்கள் அனுப்பிய கள்ளக்குறிச்சி மரச்சிற்ப யானையை மேசையில் வைத்து, 2021-ல் புவிசார் குறியீடு வாங்கியது என்று பாப்பா அட்டை எழுதியிருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சாமை, ஒரு கிண்ணத்தில் கடுக்காய். கடுக்காயை ஒருவன் சாக்லேட் என்று கடித்துவிட்டான். அதற்கு அப்புறம் எங்கள் மேசையில் கூட்டம் குறைந்துவிட்டது.

ஜூலையில் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. இங்கே அப்போது விடுமுறை. உங்களுக்குப் பள்ளி நடக்கும். பாப்பாவுக்கு இன்னும் பதினோரு மணி நேரம் பாக்கி. உங்கள் பள்ளி நூலகத்தில் புத்தகம் அடுக்கித் தரவும், ஆறாம் வகுப்போடு இங்கிலீஷில் பேசிப் பழகவும் தயார் என்கிறாள். வெளிநாட்டில் செய்வதற்கு இவள் பிரின்சிபாலின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும், கேட்டிருக்கிறேன். படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போட முடியாது, சொந்தக்காரர் போட்டால் பள்ளியில் ஏற்க மாட்டார்களாம். உங்கள் தலைமையாசிரியரிடம் சொல்லி வையுங்கள். அவருடைய ஃபோன் நம்பரும் வேண்டும். இங்கிருந்து கூப்பிட்டு விசாரித்தாலும் விசாரிப்பார்கள். மலையில் எந்த இடத்தில் நின்றால் டவர் கிடைக்கும் என்பதை அவருக்கு நினைவுபடுத்திவிடுங்கள்.

அண்ணியிடம் சொல்லுங்கள், பாப்பா வந்ததும் சமையலறை டப்பாக்களை எல்லாம் கவிழ்த்துப் பார்ப்பாள். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
தம்பி